கால் ஆஃப் என்றால் ரத்து என்று நினைத்திருந்தேன்

கரூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் என்று ஒரு வேலை உண்டு. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. நெய்ய மாட்டோம், தைக்க மாட்டோம், சாயப்பட்டறைப் பக்கம் போனால் வாசனைக்கே தலை வலிக்கும். ஆனால் இங்கிலாந்தில் இருந்து சரக்கு வாங்குகிற பையருக்கும் இங்கே வெங்கமேட்டில் இருக்கிற தறிக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்போம், அதற்குத்தான் சம்பளம். மேசை விரிப்பு, ஏப்ரன், தலையணை உறை, சமையலறைத் துண்டு இதெல்லாம் எங்கள் சரக்கு. நான் 2009-ல் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மெயில்.

படித்தது குளித்தலைப் பக்கம், தமிழ் மீடியம். ஆங்கிலம் என்றால் பயந்து ஓடுகிற ஆள் இல்லை நான். இடியம் என்கிற மரபுத்தொடர், வினையோடு அப், ஆஃப் மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருகிற ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் பள்ளியில் மார்க் வாங்கித் தருகிற பகுதி. இடது பக்கம் சொல், வலது பக்கம் அர்த்தம், கோடு போட்டுப் பொருத்த வேண்டும். 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'புட் அவுட்' என்றால் அணை, 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய். மனப்பாடமாகத் தெரியும். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அந்தக் கடைசிச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

2011 என்று நினைவு. இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு 24,000 டீ டவல் ஆர்டர். டீ டவல் என்றதும் டீக்கடைத் துண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம், பாத்திரம் துடைக்கிற துணிக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். மொத்த ஆர்டரையும் வருடத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டார், எப்போது எவ்வளவு அனுப்புவது என்று பிறகு சொல்வதாகப் பேச்சு. பிப்ரவரியில் ஒரு மெயில் வந்தது. மார்ச் மாதத்துக்கு 8,000 பீஸ் 'கால் ஆஃப்' செய்ய விரும்புகிறோம் என்று ஒரே வரி, கீழே நன்றி. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு ஆர்டர் போச்சே என்று நேராக முதலாளியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், சரி, தறியை நிறுத்தச் சொல்லிவிடு தம்பி, நூல் மிச்சமாகட்டும் என்றார்.

நிறுத்தச் சொன்னேன். தறிக்காரர் போனில், என்னங்க தம்பி, பாவு ஓட்டி முடிச்சு இப்பத்தானுங்க ஆரம்பிச்சோம் என்று கெஞ்சினார். நான் பெரிய மனுஷன் மாதிரி, பையர் கேன்சல் பண்ணிட்டார், நாங்க என்ன பண்றது என்றேன். பத்து நாள் கழித்து அதே பையர் கேட்கிறார், 8,000 பீஸுக்கு இன்ஸ்பெக்ஷன் தேதி எப்போது?

கொள்முதல் துறையில் 'கால் ஆஃப்' என்றால் ரத்து இல்லை. நேர் எதிர். ஏற்கெனவே பேசி வைத்த மொத்த ஆர்டரிலிருந்து இப்போதைக்கு இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம், அனுப்புங்கள் என்று அர்த்தம். பிரிட்டிஷ் கம்பெனிகளிலும் அரசு ஒப்பந்தங்களிலும் தினமும் புழங்குகிற சொல், கால் ஆஃப் ஆர்டர், கால் ஆஃப் கான்ட்ராக்ட் என்றே உண்டு. கிரிக்கெட் மேட்சை மழைக்காக 'கால் ஆஃப்' செய்தால் ரத்து, டீ டவலை 'கால் ஆஃப்' செய்தால் வண்டியில் ஏற்று. இது எந்த நோட்ஸிலும் இல்லை.

சரக்கு மூன்று வாரம் தாமதமாகத்தான் தூத்துக்குடிக்குப் போனது. அதற்கு ஒரு தள்ளுபடி கேட்டார்கள், கொடுத்தோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தறிக்காரர் மட்டும் அடுத்த ஒரு வருடம், நான் எதைச் சொன்னாலும், தம்பி, நல்லாப் படிச்சுப் பாத்தீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்.

அந்த வயதில் எனக்குத் தோன்றியது இதுதான்: இன்னும் நிறைய மனப்பாடம் செய்ய வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கடையில் புத்தகம் வாங்கினேன், ஒரு பக்கத்துக்கு இருபது வீதம் ஐந்நூறு சொற்றொடர். ஒரு மாதம் படித்தேன். அதில் பாதி இடியம்களை இன்றுவரை எந்த மெயிலிலும் பார்த்ததில்லை. கொட்டோ கொட்டென்று மழை பெய்தால் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பது உட்பட. இத்தனை வருடத்தில் எங்கள் இங்கிலாந்து பையர்கள் மழையைப் பற்றி எழுதாத வாரம் கிடையாது, ஒருவர்கூட பூனை நாயைக் கூப்பிட்டதில்லை. நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில்தான் அந்தப் பூனையும் நாயும் உயிரோடு இருக்கின்றன.

இடியம் தெரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, பெரும்பாலும் சுற்றியிருக்கிற வரியைப் பார்த்தே ஊகித்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது ஃப்ரேசல் வெர்ப்தான். கால், புட், கெட், டேக், ஆஃப், அப், அவுட், எல்லாம் இரண்டாம் வகுப்புச் சொற்கள். தெரிந்த சொல் என்பதால் அகராதியைப் பார்க்கத் தோன்றாது. தெரியாத சொல் என்றால் நின்று கேட்போம், தெரிந்த சொல்லில்தான் நேராகக் குழியில் இறங்குவோம்.

இதற்கு இன்னொரு கதை. என்னுடையது இல்லை, பக்கத்திலிருந்து பார்த்தது. எங்கள் சரக்கைத் தைக்கிற ஒரு யூனிட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர் வந்திருந்தார், கணக்குப் பார்க்கிறவர் இல்லை, பாதுகாப்பைச் சோதிக்கிறவர். தீ விபத்து ஒத்திகை நடத்திக் காட்டச் சொன்னார். அலாரம் 'கோஸ் ஆஃப்' ஆனதும் எல்லோரும் மெஷினை விட்டு எழுந்து வரிசையாக வெளியே வர வேண்டும் என்றார். சூப்பர்வைசர் நல்ல மனுஷன், வேலையில் கெட்டிக்காரர். ஆஃப் என்றால் அவருக்கு ஃபேன் ஆஃப், லைட் ஆஃப். அவர் எல்லோரையும் கூட்டி வைத்து, அலாரம் நின்னதும் வெளிய வாங்க என்று சொல்லிவிட்டார். மணி அலறுகிறது, நூற்றுச் சொச்சம் பேர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆடிட்டர் கையில் ஸ்டாப் வாட்சோடு நிற்கிறார். இரண்டு பெண்கள் மட்டும் பயந்துபோய் எழுந்தார்கள், சூப்பர்வைசர் அவர்களை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். 'கோ ஆஃப்' என்றால் அலாரத்துக்கு அடிப்பது, வெடிக்கு வெடிப்பது, பாலுக்குக் கெட்டுப்போவது, கரண்டுக்கு மட்டும்தான் நின்றுபோவது. ஒரே சொல், நான்கு திசை. அதை அவருக்கு யார் சொன்னார்கள்?

இனி எனக்கு எங்கே வெளிச்சம் கிடைத்தது என்று சொல்கிறேன். ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரம், அம்மா போன் செய்தார். சொந்தத்தில் ஒரு கல்யாணம், பெண்ணின் பாட்டி தவறிவிட்டதால் தேதியைத் 'தள்ளிப்போட்டுட்டாங்க' என்றார். என் முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் திறந்து கிடந்தது, அதில் ஷிப்மெண்டை 'புட் ஆஃப்' செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரு கணம் சோறு இறங்கவில்லை. புட் என்றால் போடு. ஆஃப் என்றால் அப்பால். தள்ளிப் போடு. அம்மா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், அவர் சொன்னதும் இங்கிலாந்துக்காரர் எழுதியதும் எலும்பு எலும்பாக ஒன்று!

அதற்குப் பிறகு தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். 'லுக் ஆஃப்டர்' என்பதற்கு நம்மிடம் பார்த்துக்கொள். அங்கே லுக், இங்கே பார். 'கிவ் இன்' என்பதற்கு விட்டுக்கொடு. அங்கே கிவ், இங்கே கொடு. 'கிவ் அவே' என்றால் ரகசியத்தையோ ஆளையோ வெளிப்படுத்திவிடுவது, நம்மிடம் காட்டிக்கொடு, அதிலும் கொடு இருக்கிறது. 'பேக் அவுட்' என்றால் பின்வாங்கு. பால் 'கோ ஆஃப்' ஆனால் கெட்டுப்போகிறது. ரயில்வே ஸ்டேஷனில் ஆள் கிடைக்காத பெட்டி மாதிரி தனியாகக் கிடந்த சொற்களுக்கெல்லாம் திடீரென்று சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள்.

இது தற்செயல் இல்லை. நாம் தமிழ் இலக்கணத்தில் துணைவினை, கூட்டுவினை என்று படித்தோமே, அதுவும் மார்க்குக்காகப் படித்ததுதான், அங்கேயே இருக்கிறது விஷயம். கண்டுபிடி என்கிறோம், அதில் எதையும் கையால் பிடிப்பதில்லை. சொல்லிக்கொடு என்கிறோம், கையில் எதுவும் கொடுப்பதில்லை. இரண்டு சாதாரண வினை சேர்ந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒரு அர்த்தம் பிறக்கிறது. முன்னேறு, பின்பற்று, கீழிறங்கு என்பதில் திசைச் சொல்லே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் திசையை முன்னால் வைக்கிறோம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள், வேறுபாடு அவ்வளவுதான். வந்துவிடு, வந்து தொலை, வந்து சேர், வந்துகொண்டே இரு, இந்த நான்கையும் ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கச் சொன்னால் நாம் திணறிப்போவோம். ஆனால் தப்பாகச் சொல்ல மாட்டோம். யாராவது 'தயவுசெய்து வந்து தொலையுங்கள்' என்று அழைப்பிதழில் அச்சடித்தால் மண்டபமே சிரிக்கும்.

எங்கள் பக்கம் இன்னொரு விசேஷம். மற்ற ஊர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பதை நாங்கள் சாப்பிட்டுப்போட்டு வர்றேன் என்போம். சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு நண்பன், சாப்பாட்டை எங்கேடா போட்டாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். அந்தப் 'போட்டு'வில் போடுவது எதுவும் இல்லை, முடிந்தது என்கிற அர்த்தம் மட்டும்தான். ஆங்கிலத்தில் அந்த வேலையை நிறைய இடங்களில் 'அப்' பார்க்கிறது. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. அதில் மேலே போவது எதுவும் கிடையாது. மேலே என்று அர்த்தம் எடுத்துத்தான் பல வருடம் குழம்பினேன்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படிக் கண்ணாடி மாதிரி ஜோடி கிடைக்கும் என்று சொல்லவில்லை. 'புட் அப் வித்' என்பதைப் பிரித்துப் போட்டு எத்தனை நாள் பார்த்தாலும் பொறுத்துக்கொள் வராது. 'மேக் அவுட்' இன்னும் மோசம், கையெழுத்து புரிகிறதா என்று கேட்பதற்கும் அதுதான், அமெரிக்காவில் வேறு ஒன்றுக்கும் அதுதான், அதை இங்கே எழுத வேண்டாம். ஆனால் இயந்திரம் நமக்குப் பழக்கமானது என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

ஒரு கணக்கு மட்டும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. பொருளின் பெயரை எங்கே வைப்பது என்பது. ஒரு ஆஃபரை வேண்டாம் என்பதற்கு 'டர்ன் டவுன் தி ஆஃபர்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி ஆஃபர் டவுன்' என்றும் சொல்லலாம். ஆனால் ஆஃபருக்குப் பதில் 'இட்' என்று வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்கார வேண்டும், 'டர்ன் இட் டவுன்'. கடைசியில் வைத்தால் காதில் முள் மாதிரி குத்துமாம். 'கால் இட் ஆஃப்', 'பிக் இட் அப்', 'ஃபில் இட் இன்', எல்லாம் அப்படித்தான். ஆனால் 'லுக் ஆஃப்டர் இட்', 'லுக் இன்டு இட்' என்பதில் பிரிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் இலக்கணக்காரர்கள் பிரியும் வகை, பிரியாத வகை என்று பெயர் வைப்பார்கள். பெயர் தெரிந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மெயில்களில் வந்ததை வாய்விட்டுப் படித்துப் படித்துக் காதுக்குப் பழக்கியதில்தான் வந்தது. சும்மா கண்ணால் படித்தால் ஒட்டாது, ஆபீஸில் ஆள் இல்லாத நேரம் பார்த்து முணுமுணுக்க வேண்டும்.

இன்னொன்று, இது கொஞ்சம் மனசு நோகும் விஷயம். என் ஆங்கிலம் தப்பில்லாத ஆங்கிலம் என்று ரொம்ப நாள் பெருமை எனக்கு. ஒத்திவைப்பதற்கு 'போஸ்ட்போன்', விசாரிப்பதற்கு 'இன்வெஸ்டிகேட்', சகித்துக்கொள்வதற்கு 'டாலரேட்' என்று எழுதுவேன். ஒரு தடவை பையராக நேரில் வந்த ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், சாம்பிள் ரூமில் டீ குடித்துக்கொண்டே சிரித்தபடி சொன்னார், உங்கள் மெயிலைப் படித்தால் என் வக்கீலிடமிருந்து வந்த மாதிரி இருக்கிறது என்று. பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். அன்று இரவுதான் உறைத்தது. ஒரு வெளிநாட்டுக்காரர் தமிழ் கற்றுக்கொண்டு வந்து டீக்கடையில் நின்று, ஐயா, நான் தேநீர் அருந்த விழைகிறேன் என்றால் எப்படி இருக்கும்? இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கடைக்காரர் ஒரு நிமிஷம் கையில் கிளாஸோடு நின்றுவிடுவார். ஆங்கிலத்தில் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த பெரிய சொற்கள் நம் தேநீர் அருந்துதல் மாதிரி, ஃப்ரேசல் வெர்ப் டீ குடிப்பது மாதிரி. நாம் ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்தும் ஆபீஸ் கடிதத்திலிருந்தும் கற்றோம், அடுப்படியிலிருந்து கற்கவில்லை. அதனால் ஒத்திவைக்கத் தெரிந்தது, தள்ளிப்போடத் தெரியவில்லை.

நம் ஊர் ஆங்கிலத்துக்கென்று சில சொற்கள் இருக்கின்றன, அவற்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு 'ப்ரிபோன்', எவ்வளவு அழகான சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே எடுத்துக்கொண்டது. ஆனால் கல்லூரி முடித்ததைப் 'பாஸ் அவுட்' என்று பிரிட்டிஷ்காரரிடம் சொன்னால் மயக்கம் போட்டு விழுந்தோம் என்று அர்த்தமாகிவிடும். எங்கள் ஆபீஸில் அறிமுகம் செய்துகொண்ட ஒரு பையன், 2012-ல் பாஸ் அவுட் ஆனேன் என்றதும் எதிரில் இருந்தவர் முகத்தில் நிஜமான கவலை.

இடியம் பிரயோஜனமில்லை என்று மேலே கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேனோ? ஒரு வகை இடியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எங்கள் தொழிலிலிருந்து போனவை. இங்கிலாந்து ஒரு காலத்தில் துணியாலேயே பிழைத்த நாடு, அந்தத் தூசி அவர்கள் பேச்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்று ஒன்று. என்ன ஆகுமோ என்று இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. அர்த்தம் தெரியும், ஆனால் டென்டர் என்றால் நமக்கு அரசாங்க டென்டர்தானே, அதற்கு எதற்குக் கொக்கி என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை ஈரோடு பக்கம் பிராசசிங் யூனிட்டுக்கு, சாயம் ஏறிய துணி அகலம் குறைகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஸ்டென்டர் என்றொரு பெரிய மெஷின். ஈரத்துணி உள்ளே போகும், இரண்டு ஓரத்தையும் வரிசையாக இருக்கிற சின்னச் சின்ன ஊசிகள் குத்திப் பிடித்துக்கொள்ளும், பிடித்த பிடியில் அகலமாக இழுத்தபடியே சூடான அறைகள் வழியாகக் கொண்டுபோய் அந்தப் பக்கம் காய்ந்த துணியாக வெளியே விடும். வந்த துணியின் கரையைத் தடவிப் பார்த்தால் ஊசி குத்திய ஓட்டைகள் ஒரே சீராக விரலில் தட்டுப்படும். உங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பில் கரையை வெட்டாமல் விட்டிருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அந்த ஸ்டென்டரும் டென்டர்ஹுக்ஸில் வருகிற டென்டரும் ஒன்றேதான். மெஷின் வருவதற்கு முன்னால் மரச்சட்டம், அதில் வளைந்த ஆணிகள். கம்பளித் துணியைத் துவைத்து அடித்த பிறகு சுருங்காமல் இருக்க அந்த ஆணிகளில் மாட்டி வெட்டவெளியில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அதற்கென்றே மைதானங்கள் இருந்தன, லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் டென்டர்கிரவுண்ட் என்று ஒரு தெருப் பெயர் இன்னும் இருக்கிறது. நாலா பக்கமும் இழுபட்டு, ஆணியில் தொங்கிக்கொண்டு, எப்போது அவிழ்த்துவிடுவார்கள் என்று தெரியாமல் கிடக்கிற துணி. ரிசல்ட் வருகிற நாளில் காலையிலிருந்து நாம் இருப்பது அப்படித்தானே. மெஷின் பக்கத்தில் அந்தச் சூட்டில் நின்று கரையைத் தடவிய பிறகு அந்த இடியம் எனக்கு மறக்கவே மறக்காது.

'டைட் இன் தி வுல்' இதே குடும்பம். நெய்த பிறகு சாயம் போடாமல், நூற்பதற்கு முன்பு கம்பளியிலேயே சாயம் ஏற்றினால் லேசில் போகாது. அப்படி ஒரு கொள்கையிலோ கட்சியிலோ ஊறிப்போன ஆளுக்கு அந்தப் பெயர். நம் ஆள் என்ன சொல்வார்? வேஷம் கலைந்தவனைச் 'சாயம் வெளுத்துப்போச்சு' என்போம். அவர்கள் வெளுக்காததைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், நாம் வெளுத்ததைச் சொல்லி வைத்திருக்கிறோம், யார் சாயத்தைப் பற்றி என்ன நினைப்பது என்று படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஷாடி' என்று கம்ப்ளெய்ன்ட் மெயில்களில் வரும், மட்டமான வேலை என்று அர்த்தம். அது 1813 வாக்கில் யார்க்ஷயரில் பாட்லி என்ற ஊரில் பழைய கம்பளித் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நெய்த துணியின் பெயர். நம் நாட்டில் பானிபட்டில் இன்றும் அந்தத் தொழில் பெரிதாக நடக்கிறது, அங்கே ஷாடி என்பது திட்டு இல்லை, சரக்கின் பெயர்.

இப்போது எப்படிக் கற்றுக்கொள்கிறேன் என்று சிலர் கேட்டார்கள். பெரிய முறை ஒன்றும் கிடையாது. பழைய ஆர்டர் ஃபைலின் பின்பக்கத் தாளைத் தைத்து ஒரு நோட்டு. அதில் அர்த்தம் எழுத மாட்டேன். யார், எந்தச் சரக்குக்காக, எந்தச் சண்டையில் அந்தச் சொல்லைச் சொன்னார் என்று அந்த முழு வரியையும் எழுதுவேன். கீழே, அதே இடத்தில் எங்கள் அம்மா இருந்தால் என்ன சொல்வார் என்று ஒரு வரி. 'ஹோல்ட் ஆஃப்' என்பதற்கு, செத்த பொறு. 'ஹெல்ட் அப் அட் கொழும்பு' என்பதற்கு, கொழும்புல மாட்டிக்கிட்டு நிக்குது. எங்கள் பெட்டிகள் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறித்தான் போகும், அதனால் இந்த வரி நோட்டில் ஏழெட்டு முறை இருக்கிறது. 'சேஸ் அப்' என்பதற்கு, பின்னாடியே அலைந்து வாங்கு. 'கெட் பேக் டு யூ' என்பதற்கு, பார்த்துட்டுச் சொல்றேன். இந்தக் கடைசி ஒன்றில் கவனம் தேவை, பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற பார்த்துட்டுச் சொல்றோம் மாதிரியும் வரும், நிஜமாகவே நாளைக்குச் சொல்வதாகவும் வரும். எது என்று ஆளைத் தெரிந்தால்தான் தெரியும்.

ஆறு மாதம் முன்பு எங்கள் டீமில் ஒரு பெண் சேர்ந்தாள். கிருஷ்ணராயபுரம் பக்கம், அவளும் தமிழ் மீடியம்தான், என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி. என் நோட்டைப் பார்த்துவிட்டு அவளும் ஒன்று போட்டாள், ஆனால் தலைகீழாக. தமிழை முதலில் எழுதி அதற்கு ஆங்கிலம் தேடுகிறாள். போன வாரம் வந்து, அண்ணா, 'போட்டுக்கொடு'வுக்கு என்ன என்றாள். ஆபீஸ் விஷயம்தான், எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. 'டெல் ஆன்' என்றேன். எழுதிக்கொண்டாள். அடுத்து, அப்போ 'போட்டுத்தள்ளு'? சினிமா அதிகம் பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டு யோசித்தேன். 'நாக் ஆஃப்' என்று சொல்லலாம், ஆளை முடித்துவிடுவது.

அவள் முகம் மாறிவிட்டது. நேற்று வந்த ஒரு மெயிலைத் திறந்து காட்டினாள். ஏப்ரன் விலையைப் பற்றியது, பீஸுக்கு ஐந்து பென்ஸ் 'நாக் ஆஃப்' செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதே மெயிலில் கீழே, எங்கள் டிசைனை யாரோ 'நாக் ஆஃப்' செய்து விற்கிறார்கள் என்று ஒரு வரி. இன்னும் கீழே, வெள்ளிக்கிழமை சீக்கிரம் 'நாக் ஆஃப்' செய்வதால் அதற்குள் பதில் வேண்டும் என்று இன்னொரு வரி. விலையைக் குறை, காப்பியடி, வேலையை முடித்துக் கிளம்பு, மூன்றும் ஒரே பக்கத்தில்.

சரி, இதில் எதற்கு முதலில் பதில் எழுதுவது என்றாள். விலைக்கு என்றேன். முதலாளியிடம் போய்க் கேட்டோம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டு பென்ஸுக்கு மேல் முடியாதாம்.